கயிறு பிடித்து நடந்தவர்கள்

தண்டபாணியின் பிடரியில் மூன்று மடிப்புகள் இருந்தன. நடுமடிப்பில் வியர்வை தேங்கி, அவர் காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் இப்போது வழிந்துவிடும் என்பதுபோலத் தளும்பி, வழியாமல் அங்கேயே நின்றது. சுகந்தி வரிசையின் கடைசியில் நடந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் பரங்கிக்காய் அறுக்கிற கத்தி அந்த மடிப்பில் எவ்வளவு தூரம் இறங்கும் என்று நினைத்தாள். பரங்கிக்காய்க்குக் கத்தியை வைத்துவிட்டு மேலே உடம்பின் பாரத்தைக் கொடுக்க வேண்டும். முதலில் தோல் விடாது, பிறகு ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுக்கும், அதற்கப்புறம் எளிது. இந்த நினைப்பில் கோபம் எதுவும் இல்லாதது அவளுக்கே வியப்பாக இருந்தது. மதியத்துக்கு என்ன காய் என்று யோசிப்பது போலத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பிடரிக்குக் கீழே, வெள்ளை டீசர்ட்டின் முதுகில், அவள் கணவன் ரவீந்திரனின் படம் அச்சடித்திருந்தது. இறந்துபோன தம்பியின் முகத்தை அண்ணன் முதுகில் சுமந்து நடக்கிறார் என்று புறப்படும்போது மைக்கில் சொன்னார்கள், எல்லோரும் கை தட்டினார்கள். கத்தி இறங்கினால் ரத்தம் முதலில் ரவீந்திரனின் நெற்றியில்தான் விழும். பிறகு கண்ணில், பிறகு அந்த மீசையில். ஏற்கெனவே வியர்வையில் நனைந்து ரவீந்திரனின் ஒரு கன்னம் இருண்டு கிடந்தது. அண்ணனின் தோள் ஏறி இறங்க அந்த முகம் சுருங்கிச் சுருங்கி விரிந்தது, எதையோ மெல்லுவது போல. கத்தி வேண்டாம். துணியால் முகத்தை மூடிவிட்டு வேறு ஏதாவது செய்ய வேண்டும். சாலையோரக் கல் ஒன்று பெயர்ந்து கிடந்ததைத் தாண்டிப் போனார்கள். அது போதும். தாண்டிய பிறகும் அந்தக் கல்லின் எடை அவள் உள்ளங்கையில் இருந்தது.

ரேஸ்கோர்ஸ் சாலையை இரண்டு முறை சுற்றி வர வேண்டும். இதய ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏழை நோயாளிகளுக்காக வருஷா வருஷம் நடத்துகிற குடும்ப நடை. ஒரு குடும்பத்துக்கு ஒரு நீல நைலான் கயிறு கொடுத்தார்கள். குடும்பத்தில் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டே நடந்து முடிக்க வேண்டும், ஒருவர் கை விட்டாலும் அந்தக் குடும்பம் விலகிக்கொள்ள வேண்டும் என்று மைக்கில் ஒரு பெண் சொன்னாள். இது போட்டி இல்லை, பரிசு இல்லை, பேசிச் சிரித்துக்கொண்டு நடங்கள், முதலில் வருகிற குடும்பத்தோடு டாக்டர்கள் ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் என்றாள். கடைசியாகச் சொன்னது மட்டும்தான் தண்டபாணியின் காதில் விழுந்தது. கயிறு கைக்கு வந்ததும் அதன் ஒரு நுனியைத் தன் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டார். பிறகு, யார் கையும் தவறிப்போய் விட்டுவிடக் கூடாது என்று, சுகந்தியின் மகள் கவிநயாவின் மணிக்கட்டில் ஒரு சுற்று, தன் மனைவி பூங்கொடியின் மணிக்கட்டில் ஒரு சுற்று, கடைசியில் சுகந்திக்கு ஒரு சுற்று. லாரியில் சரக்குக்கு மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிற முடிச்சு. சிங்காநல்லூரில் லாரி ஆபீஸ் வைத்திருக்கிறவர், முப்பது வருஷமாகப் போடுகிற முடிச்சு. "இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவுறாது," என்றார். "இறுக்கமா இருக்குதுங்களா அம்மிணி?" என்று கேட்டார். "இல்லீங் மாமா," என்றாள் சுகந்தி. இறுக்கமாகத்தான் இருந்தது. ஏன் இல்லை என்று சொன்னோம் என்று முதல் சுற்று பாதி போகிற வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் கேட்கிற எதற்கும் வாய் இல்லீங் மாமா என்றுதான் சொல்கிறது. அவர் கேட்பது ஆமாங் மாமா சொல்ல வேண்டிய கேள்வியாக இருந்தால் ஆமாங் மாமா. வாய்க்குத் தனியாக ஒரு முடிச்சு.

"சித்த மெதுவாப் போங்க," என்றாள் பூங்கொடி. அவளுக்கு மூட்டு வலி. "எங்கீங்க போறீங்க, தீப்புடிச்சுப் போச்சா?" தண்டபாணி திரும்பவில்லை. "பச்சை டீசர்ட் எங்க வருது பாரு," என்றார். முன்னால் ஒரு பீளமேட்டுக் குடும்பம் பச்சை டீசர்ட்டில் போய்க்கொண்டிருந்தது. அப்பா, அம்மா, வாட்டசாட்டமாக இரண்டு பெண்கள். அம்மா சேலைக்குக் கீழே பெரிய வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டிருந்தாள். பேசிச் சிரித்துக்கொண்டுதான் நடந்தார்கள், ஆனால் வேகமாக நடந்தார்கள், அது அவர்களுக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை. "அந்தம்மா ஷூவப் பாத்தீங்களா? வேணும்னே ரெடியாகி வந்திருக்காங்க," என்றார் தண்டபாணி. "வெரசா நடங்க. கவி, கைய வீசி நட சாமி." பூங்கொடி பின்னால் திரும்பி சுகந்தியிடம், "இவரு மருதமலைல கோயிலைச் சுத்தி வந்தாக்கூட முன்னால போறவங்களை முந்திக்கிட்டுத்தான் சுத்துவாரு, சாமிகிட்டப் பரிசு வாங்கப் போறாப்புல," என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு மூச்சில் சிக்கிப் பாதியில் நின்றது. சுகந்தி சிரிக்கவில்லை. அவள் கவிநயாவின் முதுகைப் பார்த்தாள். பன்னிரண்டு வயது முதுகு. டீசர்ட் பெரிதாக இருந்ததால் உள்ளே தோள்பட்டை எலும்பு ஏறி இறங்குவது தனியாகத் தெரிந்தது. அது ஏறுகிற வேகத்தை எண்ணத் தொடங்கி, எண்ணிக்கை தன் நெஞ்சுத் துடிப்போடு கலந்துபோக, விட்டாள். இதயத்தின் சதை தடித்துப் போகிற வியாதி, தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம் என்றார் டாக்டர். போன மாதம் கவியைப் படுக்க வைத்து, நெஞ்சில் பசையைத் தடவி, திரையில் சாம்பல் நிறத்தில் ஒன்று திறந்து மூடுவதைக் காட்டினார். ஒரு மீன் வாய் போல இருந்தது. இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் சந்தேகம் இருக்கிறது, ஓட விடாதீர்கள், மூச்சு வாங்கினால் உட்கார வைத்துவிடுங்கள். இதை அப்படியே தண்டபாணியிடம் சொன்னாள். "ஓடத்தானே கூடாதுன்னாங்க? நாம நடக்கத்தானே போறோம்," என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அவர் சொல்வதில் எப்போதுமே தப்பு எதுவும் இருக்காது. அன்றைக்கும் அவர் சொன்னதில் தப்பில்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இதே மாதிரிக் காலை வெயில், ஷட்டில் கோர்ட்டின் தகரக் கூரையில் ஏதோ கிளை உரசிக்கொண்டிருந்தது. ரவீந்திரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "போதும்ணா, ஒரு மாதிரி இருக்குது," என்றான். "தோக்கறபோது ஒரு மாதிரித்தான்டா இருக்கும்," என்றார் தண்டபாணி. அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். சுகந்தியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கே போயிருக்கும், காற்றில்தானே போயிருக்கும், ஆனால் போகவில்லை, அது இன்னும் இங்கே தொண்டைக்குக் கீழே மீன்முள் மாதிரி நிற்கிறது. ரவீந்திரன் மட்டையை எடுத்தான். இறகுப் பந்து மேலே போனது. அவன் அண்ணாந்து பார்த்தான், பார்த்தபடியே முன்னால் சாய்ந்தான், கையை ஊன்றவில்லை. பல் சிமெண்டில் பட்ட சத்தம் கேட்டது. விழுகிற மனிதன் கையை ஊன்றாமல் விழுவதை அவள் அதுவரை பார்த்ததில்லை. பந்து அவன் முதுகில் வந்து விழுந்தது. தண்டபாணி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, "எந்திர்றா, நடிக்காதே," என்றார். மறுபடியும், "நடிக்காதேடா. பாயிண்ட் எனக்குத்தான்," என்றார். கவி அப்பாவின் தண்ணீர்ப் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெரியப்பாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை, பெரியப்பாவைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வை சுகந்திக்குத் தனியாக ஞாபகம் இருக்கிறது. குழந்தைகள் நாய் கடித்த பிறகு நாயைப் பார்ப்பார்களே, அது. பிறகு எல்லோரும் ஓடினார்கள், தண்டபாணிதான் எல்லோருக்கும் முன்னால் ஓடினார், தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு காருக்குப் போனதும் அவர்தான், சிக்னலில் நிற்காமல் போனதும் அவர்தான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார், நெற்றியில் தோல் கிழிந்தது. அழுவதிலும் அவரை யாரும் மிஞ்ச முடியவில்லை. அவள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் அவரிடம்தான் முதலில் போனார்கள்.

ஒரு காகம் நடைபாதையில் செத்த எலியைக் கிழித்துக்கொண்டிருந்தது. தண்டபாணி நெருங்கியபோது அது பறக்கவில்லை, குடலை இழுத்தபடி ஓரமாக நகர்ந்தது. அதற்கும் அவசரம். கொள்ளு சூப் விற்கிற வண்டியிலிருந்து ஆவி வந்தது. இரண்டாம் சுற்று தொடங்கியிருந்தது. தொடங்கிய இடத்தில் நின்றிருந்தவர்கள் கை தட்டி, "மெதுவா, மெதுவா," என்றார்கள். தண்டபாணி அவர்களுக்குக் கை காட்டினார். சுகந்தியின் கல்யாணப் பந்தியில் அவர் தம்பிக்கு எதிரே உட்கார்ந்து, யார் அதிகம் லட்டு தின்பது என்று பந்தயம் வைத்தார். ரவீந்திரன் மாலையோடு தின்றான், பிறகு மண்டபத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான், பட்டு வேட்டியில் தெறித்தது, அவள் அதைத் தண்ணீர் விட்டுத் துடைத்தாள். அவர்கள் இருவரும் தனியாக இருந்த முதல் நேரம் அதுதான். "எங்கண்ணனை ஜெயிக்க விட்டுரோணும், இல்லீன்னா ஊட்டுல ஒருத்தரும் தூங்க முடியாது," என்று சிரித்துக்கொண்டே சொன்னான், வாயோரத்தில் பூந்தி. பிறகு அவன் உடம்பை மின்மயானத்துக்குக் கொண்டுபோன நாளில் வேறொரு வீட்டுச் சவ ஊர்தி அதே சாலையில் முன்னால் போய்க்கொண்டிருந்ததாம். நாம பின்னால போனா மதியம் வரைக்கும் காத்துக் கிடக்கோணும், முந்திப் போடா என்றாராம் தண்டபாணி டிரைவரிடம். இரண்டு வண்டியும் பாலத்தில் பக்கம் பக்கமாகப் போயிருக்கின்றன. உள்ளே ரவீந்திரனின் தலை இப்படியும் அப்படியும் ஆடியிருக்கும். பொம்பளைகள் மயானத்துக்குப் போவதில்லை, அதனால் அவள் பார்க்கவில்லை, காரியத்தன்று யாரோ சொன்னார்கள், சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள், கடைசிப் பயணத்திலும் உங்க வீட்டுக்காரர்தான் பர்ஸ்ட் என்று. அந்தப் பாலத்தை அவள் தினமும் பஸ்ஸில் கடக்கிறாள். கடக்கும்போது ஒவ்வொரு நாளும் தண்டபாணியை ஒவ்வொரு விதமாகக் கொல்கிறாள். லாரிச் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து. பாலத்தின் கைப்பிடியிலிருந்து தலைகீழாக. ஒரு முறை, வெறுமனே மட்டையால், முகம் முகமாக இல்லாமல் போகிற வரைக்கும். பஸ் நின்றதும் இறங்கி, அவர் வாங்கி அனுப்பிய பழங்களைக் கவிக்கு நறுக்கிக் கொடுக்கிறாள். நல்ல பழங்கள். அவர் எப்போதும் நல்லதாகத்தான் வாங்குவார்.

கவி இருமினாள். ஒரு சின்ன இருமல்தான். ஆனால் அது முடிந்த பிறகு மூச்சு உள்ளே போவதற்குக் கொஞ்சம் தாமதமானது, அந்தத் தாமதத்தில் சுகந்தியின் உடம்பு முழுக்க நின்றது. "மாமா," என்றாள். "மாமா, கவி உக்காரட்டுங்." அவர் காதில் விழவில்லை, அல்லது விழுந்தது. பச்சைக் குடும்பம் வளைவில் இளநீர்க்காரனுக்கு வழி விட்டுத் தயங்க, தண்டபாணி இடது பக்கமாகப் புகுந்து அவர்களை முந்தினார், கயிறு இழுபட்டது, பூங்கொடி, "ஐயோ காலு," என்றாள். முந்திவிட்டார். முந்திவிட்ட பிறகு நடை வேகமானது. அது நடையே இல்லை. ஒரு கால் எப்போதும் தரையில் இருந்ததால் மட்டும் அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. "கவி, மொகத்தக் காட்டு கண்ணு, திரும்பு," என்றாள் சுகந்தி. கவி திரும்பினாள். உதட்டோரம் வெளுத்து, மூக்குக்குக் கீழே வியர்வை. "ஒண்ணுமில்லம்மா," என்றாள். சுகந்தி திடுக்கிட்டாள். அவள் சொன்னதால் இல்லை, சொன்ன விதத்தால். அது தன் குரல். இல்லீங் மாமா. இவளுக்கும் கட்டிவிட்டார். "மாமா, நில்லுங்க!" இந்த முறை கத்தினாள். ஜாகிங் போகிற ஒருவர் காதிலிருந்த வயரை எடுத்துவிட்டுப் பார்த்தார். "இன்னும் அந்த மரம் வரைக்குந்தான் அம்மிணி," என்றார் தண்டபாணி, "முடிச்சுட்டு எவ்வளவு நேரம் வேணா உக்காரலாம்." முடிச்சுட்டு. முடிச்சுட்டுத்தான் ரவீந்திரனும் உட்கார்ந்திருப்பான். முடியவில்லை. முடிந்தது.

அவள் கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு முன்னேறினாள். பூங்கொடியைத் தாண்டினாள். பூங்கொடி, "சுகந்தி, என்ன..." என்றது காதின் பின்னால் போனது. கவிக்குப் பக்கத்தில் வந்தாள், பிள்ளையின் மூச்சு காதுக்குள் கேட்டது, பட்டையான, ஓரம் கிழிந்த மூச்சு. கவிக்கும் அவருக்கும் நடுவிலுள்ள கயிறு விறைத்துப் போய் ஆடியது. அதைப் பிடித்து நிறுத்தினால் கவிக்கு ஒன்றும் ஆகாது, எல்லாம் அவர் இடுப்புக்குத்தான் போகும் என்று கணக்குப் போட்டாள். ரவீந்திரனின் முகம் கைக்கு எட்டும் தூரத்தில் மென்றுகொண்டிருந்தது. நீ கண்ணை மூடிக்கொள் என்று அதனிடம் சொன்னாள். இரண்டு கையாலும் பிடித்தாள், குதிகாலைச் சாலையில் ஊன்றினாள், உடம்பின் பாரம் முழுவதையும் பின்னால் கொடுத்தாள். முதலில் அவர் விடவில்லை. கயிறு அவள் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு முன்னால் ஓடியது, சூடாக, தீக்கொள்ளியைப் பிடித்தது போல. அது ஓடிய வேகத்தில் கவியின் கை பின்னாலிருந்து இழுபட்டு வந்து, அந்த மணிக்கட்டு சுகந்தியின் கைமுட்டியில் இடித்து நின்றது. அவருடைய பாரம் மொத்தமும் ஒரு கணம் அந்தச் சின்ன மணிக்கட்டில் நின்றது. கவி கத்தினாள். அதற்கப்புறம்தான் அவர் விழுந்தார். இடுப்பு பின்னாலும் கால் முன்னாலும் போய், உடம்பு திருகி, முகம் நடைபாதை விளிம்பில் போய்ப் பட்டது. அதே சத்தம். பல் சிமெண்டில் படுகிற சத்தத்தை இரண்டாவது முறை கேட்கிறவள் அதை எங்கேயும் அடையாளம் கண்டுகொள்வாள். அவர் அசையவில்லை. எவ்வளவு அமைதியாக இருந்தது. மரத்தில் ஏதோ பறவை கூவியதுகூடக் கேட்டது. அந்த அமைதிக்குள், "எந்திரிங்க மாமா, நடிக்காதீங்க," என்று ஒரு குரல் சாதாரணமாகச் சொன்னது. அது தன் வாயிலிருந்துதான் வந்தது என்பது கவி திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கவி கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். விழுந்தவரைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை சுகந்திக்கு ஏற்கெனவே தெரியும்.

பச்சை டீசர்ட்டுக்காரர்கள் கயிற்றைச் சாலையில் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். கான்வாஸ் ஷூ போட்ட அம்மா மண்டியிட்டு அவரைப் புரட்டினாள். முன்பல் இரண்டும் பாதி இல்லை, கீழுதடு பிளந்து, ரத்தம் தாடை வழியாக டீசர்ட்டுக்குள் போனது. கண் திறந்திருந்தது. "ஐயோ, என்னங்க நீங்க," என்று பூங்கொடி அங்கேயிருந்தே சொன்னாள், கயிறு எட்டவில்லை. சுகந்தி கவியின் மணிக்கட்டைப் பிடித்தாள். முடிச்சு சதைக்குள் போயிருந்தது, விரல் நுனிகள் கருத்துக்கொண்டு வந்தன. இழுத்தாள். நகத்தால் இழுத்தாள், குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள், நைலான் உப்புக் கரித்தது. "வலிக்குதும்மா, இழுக்காதே," என்றாள் கவி, கையைப் பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கிய கையை அப்படியே பூங்கொடியிடம் நீட்டினாள். "பெரிம்மா, நீங்க அவுத்து விடுங்க." பூங்கொடி நொண்டிக்கொண்டு வந்தாள். "இவரு முடிச்ச இழுத்து அவுக்க முடியாது சுகந்தி," என்றாள், அதட்டலாக இல்லை, சமையலில் ஏதோ சொல்லிக் கொடுப்பது போல. "கயித்த முடிச்சுக்குள்ளாற தள்ளோணும். பாரு." அவிழ்ந்தது. தன்னுடையதையும் அதேபோல ஒரு கையால் அவிழ்த்துக்கொண்டாள், நாள்தோறும் செய்கிறவள் மாதிரி. கவியின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "மூச்ச மெதுவா விடு சாமி," என்று அவளை மரத்தடி பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கவி உட்கார்ந்தாள். முகத்தில் மெல்ல நிறம் வந்தது. சுகந்தி அதைத் தூரத்திலிருந்து பார்த்தாள், பிழைத்துக்கொண்டாள், பிழைத்துக்கொண்டாள் என்று உள்ளே ஏதோ அடித்துக்கொண்டது. பெஞ்சில் கவிக்கு இந்தப் பக்கம் இடம் இருந்தது. கவி அந்த இடத்தில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்தாள்.

தண்டபாணி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். சாலையில் கிடந்த இன்னொரு நீலக் கயிற்றைப் பார்த்தார். "அவிங்க விட்டுட்டாங்க," என்றார், வாயில் ரத்தம் குமிழியிட்டது. பிறகு தன் இடுப்பிலிருந்து தொடங்கும் கயிற்றைக் கண்ணால் பின்தொடர்ந்தார். அது கவி நின்ற இடத்தைத் தாண்டி, பூங்கொடி நின்ற இடத்தைத் தாண்டி, சுகந்தியின் மணிக்கட்டில் வந்து முடிந்தது. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. தனக்குச் சமமான ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நீங்க விடலீங்களே அம்மிணி," என்றார். எழுந்து, தள்ளாடி, ஓரடி முன்னால் வைத்தார். கயிறு நிமிர்ந்தது. அவள் மணிக்கட்டில் முடிச்சு இறுகியது. தளர்த்துவதற்கு அவரை நோக்கி ஓரடி போக வேண்டும், கயிற்றுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அது அவளுக்குத் தெரிந்தது. பெஞ்சிலிருந்து கவி பார்த்துக்கொண்டிருந்ததும் தெரிந்தது. குதிகால் இரண்டும் ஊன்றிய இடத்திலேயே நின்றன. அந்த ஓரடிக்குக் கால் வரவில்லை.